மஞ்சளுக்கு அடியில்

மன்னார்க் கரைக்கு நான் ஐஸ் இறக்கப் போகும்போது பழகியவர் அவர். கடலடியில் மூழ்கிக் கடலட்டை எடுக்கும் சுழியோடி. உப்பில் வெளுத்த மீசை, வலது கட்டைவிரலில் மட்டும் நீள நகம். காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டுமுன் அந்த நகத்தால் அதன் நிறப்பூச்சைச் சுரண்டிப் பார்ப்பார்.

“ஏன் அண்ணை சுரண்டுறீங்கள்?”

“என்ர தம்பி பழுதான பச்சைச் சிலிண்டரோட இறங்கித்தான் செத்தவன். பச்சை எல்லாத்தையும் எறிஞ்சாச்சு எண்டு முதலாளி அவன்ர சவப்பெட்டியில கைவைச்சுச் சத்தியம் பண்ணினவர்.”

அன்றைக்கு வந்த புது மஞ்சள் சிலிண்டரைச் சுரண்டினார். உள்ளே பச்சை தெரிந்தது. சிலிண்டரைத் தூக்கிக்கொண்டுபோய் முதலாளியின் காலடியில் வைத்தார்.

“இண்டைக்கு நீங்கள் இறங்குங்கோ.”

அடுத்த கிழமை நான் ஐஸ் கொண்டுபோனபோது அண்ணையைக் காணவில்லை. அந்தச் சிலிண்டர் வேறொருவரின் முதுகில் இருந்தது. அண்ணை சுரண்டிய இடத்துக்கும் மஞ்சள் பூசியிருந்தார்கள்.