நேரத்துக்குள் முடிந்த பேச்சு

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த என் பெரியப்பா மகனைக் குடும்பத்தில் எல்லோரும் ‘கடிகாரம்’ என்றே சொல்வோம். விருந்துக்கு அழைத்தவர்களே தயாராகாத நேரத்தில் வாசலில் வந்து நிற்பவர் அவர்.

அண்ணி இறந்தபின் வீட்டில் அவரும் மகளும் மட்டுமே. மகளுக்குப் பேச்சு திக்கும். அவளுடைய பள்ளியின் ரோபோ குழுவுக்குப் பயிற்சி தர அவர் முன்வந்தது அவளுக்காகத்தான். போட்டியில் நடுவர்களுக்கு முன்னால் ஒருமுறையாவது அவள் தன் பங்கைப் பேசி முடித்துவிட வேண்டும் என்பதே அவர் ஆசை.

விளக்கவுரைக்கு ஐந்து நிமிடம். மணி அடித்துவிட்டால் பாதி வாக்கியத்திலும் நிறுத்தியாக வேண்டும். சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டுக் கூடத்தில் ஒத்திகை நடக்கும். ஒவ்வொரு முறையும் மகளின் பங்கில்தான் நேரம் மீறிப் போயிற்று. ஆகவே அவர் ஒரு விதி வைத்தார்.

“யாராவது நின்னுட்டா, பக்கத்துல இருக்கறவங்க உடனே எடுத்துப் பேசிடணும். லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கவே கூடாது.”

“எனக்கு அதுக்குப் பயிற்சியே வேணாம், அங்கிள். எங்க வீட்ல நான் யாரையும் முழுசா பேச விட்டதே இல்ல” என்றாள் குழுவின் வாயாடி. எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

“நான் நின்னா கொ… கொஞ்சம் காத்திருக்கக் கூடாதாப்பா?”

“அடிக்கிற மணி நமக்காகக் காத்திருக்காதும்மா.”

போட்டியன்று பயிற்சியாளர்கள் சைகை காட்டக்கூடாது என்பதால் அவரும் நானும் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தோம். பெட்டிகளைத் தூக்கும் ரோபோவின் பிடி மகள் செய்தது. பெட்டி வழுக்காமலிருக்க அதன் விரல்களில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டியதும் அவள்தான். அதைச் சொல்ல அவள் முன்னே வந்தாள்.

“பி… பி…”

“பிடியோட விரல்ல ட்யூப் ஒட்டினதும் பெட்டி வழுக்கறது நின்னுச்சு” என்று வாயாடி, பழக்கியபடியே, தடையின்றி எடுத்துச் சென்றாள்.

பெண் நடுவர் ஒருவர் மகளையே பார்த்து, “இந்த யோசனை யாருக்கும்மா வந்துச்சு?” என்றார். கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். மகளின் உதடுகள் குவிந்தன.

“எங்க டீமுக்கு, மேடம்” என்றாள் வாயாடி.

மணி அடிக்கும் முன்பே பேச்சு முடிந்தது. இரண்டாம் பரிசு கிடைத்தது.

திரும்பும்போது காரின் பின்னிருக்கையில் நான் இருந்தேன். வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்த மகள் சொன்னாள்:

“அந்த மேடம் எனக்காகக் கா… கா…”

“காத்திருந்தாங்க” என்று அவரே முடித்தார். முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. வண்டியை ஓரங்கட்டினார். மகள் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் இன்று வேறு ஊரில் இயந்திரங்கள் வடிவமைக்கிறாள். மேடை எதிலும் மறுபடி ஏறவில்லை. தன் கடைசி ஆண்டுகளில் அண்ணன் அவளைத் தொலைபேசியில் அழைக்கும்போது சிலமுறை நான் உடனிருந்தேன். அவள் ஏதோ தொடங்குவாள், நின்றுவிடுவாள். அவர் போனைக் காதோடு அழுத்தியபடி மூச்சுகூட விடாமல் இருப்பார். நான் வாயெடுத்தால் கையமர்த்துவார். சற்று நேரத்தில் அவள் அழைப்பைத் துண்டித்துவிடுவாள்.

பிறகு குறுஞ்செய்தி வரும்: “நல்லா இருக்கேன்ப்பா.”