சத்திரத்து அலமாரியும் பறக்கும் ரயிலும்

தொண்ணூற்றெட்டில், பொங்கல் முடிந்த வாரம், மனைவி விஜயாவுடன் கும்பகோணத்திலிருந்து சென்னை போனேன். பாரிமுனைக் கம்பெனி ஒன்றில் அவளுக்குக் காலை பத்தரைக்கு நேர்முகத் தேர்வு. மூன்று வருஷம் விண்ணப்பம் போட்டு வந்த முதல் அழைப்பு. பிரயாணத்தில் நான் புலி, எல்லாம் என் பொறுப்பு என்று மார்தட்டியிருந்தேன்.

எழும்பூரில் மீட்டர்கேஜ் வண்டியை விட்டு இறங்கும்போது ஐந்தரை. மயிலாப்பூருக்கு ஆட்டோ முப்பத்தைந்து ரூபாய், குளத்துக்குப் பின்தெருச் சத்திரத்தில் அறை நாற்பது. பாயும் வாளியும் தருவார்கள். பூட்டு நாம் கொண்டுபோக வேண்டும். நீங்கள் போனால் மறக்காதீர்கள், நான் மறந்தேன். பூட்டில்லாதவர்கள் சாமானை ஆபீஸ் அலமாரியில் ஒப்படைப்பது அங்கே வழக்கம். பெட்டியோடு விஜயாவின் சான்றிதழ் ஃபைலையும் ஒப்படைத்த மகானுபாவன் நான்தான்.

சத்திரத்து மானேஜர் ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு.

"பாரிமுனைக்கு பஸ்ஸுல போனா ஒரு மணி நேரம். பறக்கும் ரயில்ல இருபதே நிமிஷம். மொதல்ல சேப்பாக்கத்தோட நின்னுண்டிருந்தது, இப்பத்தான் நம்ம திருமயிலைக்கு வந்திருக்கு. முப்பது வருஷம் மீட்டர்கேஜுல கொடி காட்டினவன் சொல்றேன், போங்கோ!"

போனோம். பக்கிங்காம் கால்வாயை ஒட்டித் தூண்கள்மேல் ஒன்பது கிலோமீட்டர், காற்று பிய்த்துக்கொண்டு போனது. கடற்கரை நிலையத்தில் இறங்கியதும் விஜயா கேட்டாள்: "ஃபைல் உங்ககிட்டதானே இருக்கு?"

ஃபைல் சத்திரத்து அலமாரியில். மணி ஒன்பதரை. அவளை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பினேன். சத்திரத்துக்கு ஓடினால் ஆபீஸ் பூட்டியிருந்தது. வாசல் பெருக்கிய அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா சார், நீ இங்க நிக்கிற? அலமாரில ஃபைலப் பாத்துட்டு மேனேஜரு அப்பவே ரயிலுக்கு ஓடிட்டாரே!"

வழியில் எதிரே ஒரு வண்டி போனதே, அதில்தான் மனுஷர் போயிருக்கிறார். மறுபடி கடற்கரைக்கு வந்தபோது பத்து ஐம்பது. விஜயா இருந்த பெஞ்சில் மானேஜர் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

"ஃபைலோட அவளைக் கம்பெனி வாசல்ல விட்டுட்டு வந்தேன், உள்ள போய் அரைமணி நேரமாறது. ஒப்படைச்ச பொருள் உடையவா கைக்குப் போயாகணும். அது சத்திரத்து முறை."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கம்பெனி வாசலில் இருவரும் காத்திருந்தோம். ஒரு மணிக்கு விஜயா வெளியே வந்தாள். என்னைத் தாண்டி நேரே அவரிடம் போய்க் கைகூப்பினாள்.

"திங்கக்கிழமை சேரச் சொல்லிட்டாங்க, மாமா."

பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க எங்க போயிருந்தீங்க?"