விரிப்பில் விழுந்த சுருக்கம்

எலும்பு முறிவு வார்டின் தலைமை நர்ஸம்மாவை ஆஸ்பத்திரியில் எல்லோரும் 'கேஸ்ஷீட் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். புது நோயாளி வந்தால் கேஸ்ஷீட்டைக் கடைசிப் பக்கம் வரை படிக்காமல் கட்டில் பக்கமே போகமாட்டார். இருபத்தாறு வருஷப் பழக்கம். "என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடியும் இப்படிப் படிச்சிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்பார் வீட்டுக்காரர்.

அப்படிப்பட்டவருக்கு வெளியூர் நர்சுகள் மாநாட்டில் படுக்கைப்புண் பற்றிப் பத்து நிமிஷம் பேச அழைப்பு வந்தது. முதல் மேடை. ஆனாலும் பழக்கம் விடுமா? போகிற ஊருக்கும் ஒரு கேஸ்ஷீட் தேடினார். அங்கே யார் யார் இருக்கிறார்கள், என்ன பிழைப்பு, எதைச் சொன்னால் மனம் நோகும் என்று தெரியாமல் போய் வாயைத் திறக்க அவருக்கு மனம் வரவில்லை. லேப்காரரைக் கேட்டார், மருந்து கொடுப்பவரைக் கேட்டார். கேன்டீன் அம்மாதான் சிரித்துவிட்டார்.

"கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறீங்களே! நம்ம சலவை அண்ணன் அந்த ஊருதானே?"

சலவை அண்ணன்! பத்தொன்பது வருஷமாகக் காலையில் விரிப்புக் கட்டுகளை வார்டில் இறக்குகிறவர். கூடவே அக்காவிடம் திட்டும் வாங்கிக்கொண்டு போகிறவர். விரிப்பில் சுருக்கம் இருந்தால் படுத்தே கிடப்பவருக்கு முதுகில் புண் வரும். எந்தக் கட்டிலில் சுருக்கத்தைப் பார்த்தாலும் அக்கா அவரைத்தான் பிடிப்பார். மாநாட்டுப் பேச்சிலும் ஒரு கசங்கிய விரிப்பின் படத்துக்குக் கீழே 'முதல் குற்றவாளி: சலவை அறை' என்று போட்டிருந்தார். ஒத்திகையில் அதைப் பார்த்து வார்டு நர்சுகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அன்றுதான் அக்கா முதன்முதலாகச் சலவை அறைக்குள் போனார். அண்ணன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், பாலத்துக்கு அந்தப் பக்கம் மூன்று பாஷை பேசும் மில் குடும்பங்கள், மேட்டுத் தெருவின் பழைய இரும்பு வியாபாரிகள் என்று ஊரையே விரித்து வைத்தார்.

"நீங்க எந்தப் பக்கம்ணே?"

"நீங்க பேசப் போற மண்டபம் இருக்கே, அது நாங்க துணி காயப்போட்ட மைதானம் சிஸ்டர். எங்க ஆளுங்களை ஊருக்கு வெளிய அனுப்பிட்டுத்தான் கட்டினாங்க. என் தங்கச்சி இப்ப அங்கதான் பெருக்குறா. ஸ்டேஷனுக்கு வரச் சொல்றேன், நீங்க தனியா அலையாதீங்க."

பேசிக்கொண்டே ஒரு விரிப்பை மடித்து அடுக்கினார். ஒரு சுருக்கம் இல்லை. அக்கா அதை ஒருமுறை தடவிப் பார்த்தார். நோயாளியைப் புரட்டும் அவசரத்தில் விரிப்பைப் பிடித்து இழுப்பது நர்சுகள்தான், அக்காவும்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! ஆனால் இதை மேடையில் சொல்வதா? முன்வரிசையில் அவர் ஆஸ்பத்திரி நர்சுகளுக்கெல்லாம் மேலதிகாரியான மேட்ரன் உட்கார்ந்திருப்பார். இருபத்தாறு வருஷமாகச் சேர்த்த பேர் என்னாகும்?

முடிவெடுக்காமலே ரயிலேறினார். ஸ்டேஷனில் காத்திருந்த தங்கச்சி பையை வாங்கிக்கொண்டு சொன்னாள்: "அண்ணன் உங்களப் பத்தி நிறைய சொல்லியிருக்காரு. நோயாளிங்கன்னா உசிரையே விடுவீங்களாமே?"

திட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மேடையில் அந்தப் படம் வந்தபோது கீழே எழுத்து மாறியிருந்தது: 'முதல் குற்றவாளி: என் கை'. யாரும் சிரிக்கவில்லை. "விரிப்பு சுருக்கமில்லாமத்தான் வருது. கசக்கினது நான். அதுக்கு ஒருத்தரைப் பத்தொன்பது வருஷம் திட்டினேன். இந்த மண்ணுலதான் அவரோட ஆளுங்க துணி காயப்போட்டாங்க. அண்ணே, மன்னிச்சிடுங்க. ரொம்ப நன்றி." மேட்ரன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

கீழே இறங்கினால், துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தங்கச்சி போனை நீட்டினாள். "நீங்க பேசினது பூராவும் அண்ணன் கேட்டாரு, லைன்லயே இருக்காரு."

அந்தப் பக்கம் சலவை இயந்திரத்தின் இரைச்சல். அது மெல்ல அடங்கியது.

"சிஸ்டர், மிஷினை நிறுத்திட்டேன். அந்தக் கடைசி வார்த்தைய மட்டும் இன்னொரு தடவ சொல்லுங்க. இங்க எல்லாரும் நிக்கிறாங்க."

மண்டபமே திரும்பிப் பார்க்க, கேஸ்ஷீட் அக்கா அழுதுகொண்டே கத்தினார்: "ரொம்ப நன்றிண்ணே!"