வாயில்லாத விட்டில்

மரத்தை வெட்டச் சொன்னவர் எங்கள் சபைப் போதகர். மலையடிவாரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இலவங்கப்பட்டைக்காக நானே நட்டு வளர்த்த கருவா மரம் அது. ஒரு காலை, விரித்த இரண்டு கையளவு விட்டில் ஒன்று அதில் வந்து ஒட்டியிருந்தது. இரண்டு இறகின் முனையிலும் அச்சாகப் பாம்புத் தலை.

"ஏவாளைப் பேசி ஏமாத்துனவன் உம்ம மரத்துல வந்து இருக்கான்வே. வெட்டும். வெட்டுற வரைக்கும் உமக்கு இராப்போசனம் கிடையாது" என்றார்.

கல்யாணமான நாள்முதல், மாதந்தோறும் கோயிலில் அப்பமும் ரசமும் வாங்கும் இராப்போசனத்தை நான் தவறியவனல்ல. ஆனால் கர்த்தர் படைத்ததை விசாரிக்காமல் வெட்ட மனம் வரவில்லை.

விட்டில் போனபின் இலையடியில் முட்டைகள் கிடந்தன. பழைய கொசுவலையால் அந்தக் கிளையை மூடிக் கட்டினேன். பத்து நாளில் புழுக்கள் வந்தன. வெள்ளை மாவு பூசியது போல, உடம்பெல்லாம் சதை முள். கிளை மொட்டையானதும் வேறு கிளையின் இலையைப் பறித்துப் போட்டேன்.

"பிள்ளையளுக்குச் சோறு வைக்க மின்ன புழுவுக்கு எலை பறிக்கப் போறியளாக்கும்!" என்றாள் என் மனைவி.

பெருவிரல் பருமன் ஆனதும் அவை இலையைச் சுருட்டி, தவிட்டு நிற நூலால் தம்மை மூடிக்கொண்டன. செத்துவிட்டன என்று நானும் நினைத்தேன். ஒரு மாதம் கழித்து ஒரு கூட்டிலிருந்து வந்தது அதே விட்டில், பாம்புத் தலையோடு! மனைவி இரங்கி, சிரட்டையில் கருப்பட்டித் தண்ணீர் வைத்தாள். குடிக்கவில்லை. உற்றுப் பார்த்தால் வாயைக் காணோம். தின்ன வேண்டியதையெல்லாம் புழுவாகவே தின்று முடித்துவிட்டது.

ஆராதனை முடிந்ததும் போதகரை அழைத்து வந்தேன். சபையாரும் பின்னாலேயே வந்தார்கள்.

"ஐயா, பாம்புத் தலை இறகுல உள்ள படம். நெசத் தலை இந்தா இருக்கு. இதுல வாயைக் காட்டும்."

மூக்குக்கண்ணாடியை ஏற்றி, வெகுநேரம் குனிந்து பார்த்தார். "காணல்ல."

"வாயில்லாதது ஏவாள்கிட்ட எப்படிய்யா பேசும்?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அதுதான் வினை. "சொன்னது சொன்னதுதான்வே" என்று முகம் சிவந்து போய்விட்டார்.

அடுத்த இராப்போசனத்துக்குப் போய் வரிசையில் முழங்கால் போட்டேன். அப்பத் தட்டு என்னைத் தாண்டிப் போனது. எழும்பவில்லை, கடைசி ஆள் போகும்வரை அங்கேயே கிடந்தேன். மறுமாதமும் அப்படியே. மூன்றாம் மாதம் தட்டு என் முன்னால் நின்றது. "பிடியும்" என்றார் மெதுவாக. அன்று காலையில்தான் வெட்டாமல் நின்ற அந்த மரத்தில் பட்டை உரித்திருந்தேன். கருவா மணத்த கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.