மஞ்சள் கடவைக்கு ஒரு விளக்கு

எங்கள் ஊரில் ஒருவரைச் சுவிஸ் குடிமகனாக ஏற்பதா வேண்டாமா என்பதை ஊர்க்காரர்கள் பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் கூடி, கையுயர்த்தித் தீர்மானிப்பார்கள். டீட்டிகோனைத் தாண்டி, ஆர்காவ் மாநில எல்லைக்குள் இருக்கிற சின்ன ஊர் அது. கழிவுநீர்க் குழாய்க்கும் தீயணைப்பு வண்டிக்கும் அதே கூட்டத்தில்தான் கையுயர்த்துவார்கள். நான் இந்த நாட்டு ஆஸ்பத்திரியில் பிறந்தவள். ஆனாலும் பத்தொன்பது வயதில் குழாய்க்கும் வண்டிக்கும் நடுவே என் பெயர் நிகழ்ச்சி நிரலில் இருந்தது. அதற்குக் கீழே அப்பாவின் பெயர்.

அப்பா தன் வாழ்நாளில் ஒருமுறைகூட வாக்குப் போட்டதில்லை. யாழ்ப்பாணத்தில் அவருக்கு அந்த வயது வந்தபோது, போடு என்று ஒரு தரப்பும் போடாதே என்று இன்னொரு தரப்பும் சொன்னது. இரண்டு தரப்பிடமும் சுடுவதற்குத் துவக்கு இருந்தது. இங்கே வந்து டீட்டிகோனில் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றிக்கொண்டே, வருடத்துக்கு நான்கு தடவை அயல்வீட்டுத் தபால்பெட்டிகளில் வாக்குச்சீட்டு உறைகள் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சாகிறதுக்கு முன்னம் ஒருக்காவாவது போட்டுப் பாக்கவேணும்" என்பார். எல்லோரும் பாஸ்போர்ட்டுக்கு ஆசைப்பட்டார்கள். அவர் ஆசைப்பட்டது அந்த உறைக்கு.

அந்தக் காலத்தில்தான் உயர்பள்ளியில் எங்களுக்கு அமெரிக்க வரலாறு நடந்தது. உள்நாட்டுப் போர் முடிந்ததும் அந்த நாட்டு அரசியல் சாசனத்தில் எழுதி வைத்தார்கள்: அந்த மண்ணில் பிறந்தவர் அந்த நாட்டவர், நிறத்தைக் காட்டி எவருடைய வாக்கையும் மறுக்கக் கூடாது. எழுத்தில் அழகாகத்தான் இருந்தது. பிறகு ஏறக்குறைய நூறு வருடம் தென்மாநிலங்களில் கறுப்பினத்தவர்களை வாக்காளர் பட்டியலுக்கு வெளியே நிறுத்தி வைத்தார்கள். அதற்கென்று எழுத்தறிவுப் பரீட்சை ஒன்று இருந்தது. ஒரு சவர்க்காரக் கட்டியில் எத்தனை குமிழி இருக்கிறது என்றுகூடக் கேட்டார்களாம். பதில் சரியா பிழையா என்பது மேசைக்குப் பின்னால் இருப்பவரின் விருப்பம். அறுபதுகளில் சனங்கள் அடிவாங்கி, செத்து, ஒரு சட்டம் வந்த பிறகுதான் அது ஓய்ந்தது. குமிழிக் கதைக்கு வகுப்பே சிரித்தது, நானும்தான். பிறந்தாலே குடியுரிமை என்ற விதியை வீட்டில் சொன்னபோது அப்பா, "அப்ப உன்னை அங்கை கொண்டுபோய்ப் பெத்திருக்கலாம். விசர் வேலை பாத்திட்டம்" என்றார்.

ஊர்க்கூட்டத்துக்கு முன் குடியுரிமைக் குழு எங்களை நேரில் அழைத்து விசாரித்தது. ஏரி, மலை, அமைச்சர்கள் பற்றிய கேள்விகள் எல்லாவற்றையும் அப்பா ஒருமாதிரித் தாண்டிவிட்டார். கடைசியில் குழுவிலிருந்த ஒரு பெண்மணி, அன்பாகத்தான் கேட்டார்: "எங்கள் ஊரில் நீங்கள் எதை மாற்ற விரும்புவீர்கள்?"

"அல்லஸ் குவெட்" என்றார் அப்பா. எல்லாம் நல்லம்.

ஒன்றுமே இல்லையா என்று அந்தப் பெண்மணி திரும்பக் கேட்டார். அப்பா இன்னும் பெரிதாகச் சிரித்து, அதையே சொன்னார். அவருடைய அண்ணன், என் பெரியப்பா, யாழ்ப்பாணத்தில் ஒரு சோதனைச்சாவடியில் கேட்ட கேள்விக்கு மனதில் பட்டதைச் சொன்னவர். அன்று வீட்டுக்கு வரவில்லை, பிறகும் வரவில்லை. அரசாங்கம் அபிப்பிராயம் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதை அப்பா அந்த வீட்டில் இருந்து படித்தவர். இதை அந்த மேசையில் எப்படி விளக்குவது?

ஊர்க்கூட்டத்தில் எனக்குக் கைகள் உயர்ந்தன. அப்பாவுக்கு உயரவில்லை. பொதுவாழ்வில் அக்கறை இல்லாதவர் என்று குழு எழுதியிருந்தது.

அப்பா அதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அக்கறை காட்டுவதென்றால் குறை சொல்ல வேண்டும், குறை சொல்வதென்றால் முதலில் ஒன்று கிடைக்க வேண்டும். சனிக்கிழமைகளில் ஊரைச் சுற்றிக் குறை தேடினார். சுவிஸில் அது லேசான வேலையா? கடைசியில் பஸ் தரிப்பிடத்துக்கு முன்னால் தெருவைக் கடப்பதற்கு இருக்கிற மஞ்சள் கடவை அகப்பட்டது. அங்கே விளக்கில்லை. மாரிக் குளிர் நாட்களில் காலை வேலைக்குப் போகிறவர்கள் கும்மிருட்டில் கடக்க வேண்டும். அந்த ஒரு வசனத்தை ஜெர்மனில் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று மாதக்கணக்கில் பாடமாக்கினார். சில வருடம் கழித்து மறுபடி விண்ணப்பித்தபோது குழுவிடம் அதைச் சொன்னார். அந்தப் பெண்மணிக்குச் சந்தோசம். குழு இந்த முறை அவரைப் பரிந்துரைத்தது.

நான் அப்போது சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் வாக்குரிமையோடு உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் முறை வந்ததும் தலைவர், விண்ணப்பித்தவரோடு அவருடைய பிள்ளைகளும் வெளியே போக வேண்டும், அதுதான் விதி என்றார். என் வாழ்க்கையில் எனக்கு முக்கியமாக இருந்த ஒரே வாக்கெடுப்பு அது. அதற்கு என்னை வெளியே அனுப்பினார்கள். அப்பாவும் நானும் வெளியே, காலணி கழற்றிவைக்கும் சப்பாத்துத் தட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றோம்.

ஒலிவாங்கிச் சத்தம் கதவைத் தாண்டி வந்தது. எங்கள் தெருக்கோடியில் இருக்கும் மனிதரின் குரல். "குழுவின் அறிக்கையில் படித்தேன். இன்னும் குடிமகனாகவில்லை, அதற்குள் குறை சொல்லத் தொடங்கிவிட்டார். எங்களுக்கு நன்றியுள்ளவர்கள்தான் வேண்டும்." கைதட்டினார்கள். எனக்குச் சவர்க்காரக் கட்டி நினைவு வந்தது. எத்தனை குமிழி என்று சொன்னாலும் பிழைதான். ஆத்திரத்தில் கதவுப்பிடியில் கை வைத்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடு பிள்ளை. உள்ளை போனா இன்னும் கோவிப்பினம்."

பிறகு உள்ளே சத்தமே இல்லை. கை உயர்த்துவதற்குச் சத்தம் கிடையாது. கதவைத் திறந்தவரின் முகத்தைப் பார்த்ததும் அப்பா தன் கோட்டை எடுத்துக்கொண்டார்.

தகுந்த காரணமில்லாமல் மறுக்கக் கூடாது என்று இந்த நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, வழக்குப் போடுவோம், நிச்சயம் வெல்லலாம் என்று வீடுவரைக்கும் சொல்லிக்கொண்டே போனேன்.

"வெண்டு?" என்றார் அப்பா. "விடிஞ்சா அந்தச் சனத்தோடதானே நான் பஸ்ஸில போகவேணும்."

அதோடு உறையைப் பற்றிக் கதைப்பதையும் விட்டுவிட்டார். என் உறை வந்தால், மேசையில் வைக்காமல் நேரே என் அறைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போவார். எனக்கு அதைத் திறக்கவே வெறுப்பாக இருக்கும்.

அடுத்த வருடக் கூட்டத்தில் மஞ்சள் கடவைக்கு விளக்குப் போடும் பிரேரணை வந்தது. பாதுகாப்புக்கு அவசியம் என்று தலைவர் சொன்னார். யார் முதலில் சொன்னது என்று சொல்லவில்லை. மண்டபம் முழுக்கக் கைகள் உயர்ந்தன. தெருக்கோடி மனிதரின் கையும் உயர்ந்தது. நானும் உயர்த்தினேன். வேறென்ன செய்வது, கடவை இருட்டுத்தானே.

அந்த மாரியில் ஒரு காலை நானும் அப்பாவும் புது விளக்கின் கீழே பஸ்ஸுக்கு நின்றோம். தெருக்கோடி மனிதர் நாயோடு வந்தார். மேலே பார்த்துவிட்டு அப்பாவிடம், "இப்போது நல்லது, இல்லையா?" என்றார்.

"அல்லஸ் குவெட்" என்றார் அப்பா, பழையபடி பெரிதாகச் சிரித்து. அந்த மனிதர் திருப்தியோடு தலையாட்டிவிட்டு நாயை இழுத்துக்கொண்டு போனார். ஒன்றுமே இல்லையா என்று இந்த முறை யாரும் திரும்பக் கேட்கவில்லை.