மூன்றாவது வளைவு

இதைப் படித்துவிட்டு "நல்லாக் கதை விடறாங்க" என்று நினைப்பவர்களோடு நான் சண்டைக்கு வரப்போவதில்லை. நானும் அந்தக் கட்சியில் இருந்தவள்தான். பதினேழு வருடமாக ஒரு மருத்துவமனையில் ஈசிஜி எடுக்கிறேன். பிணவறைக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன். யாராவது பேய் என்று ஆரம்பித்தால், "கூட்டிட்டு வாங்க, துடிப்பு எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்றேன்" என்று கிண்டல் செய்வேன். இப்போது செய்வதில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நேரம் பார்ப்பது தொழில் பழக்கம், அதனால் மணி எல்லாம் சரியாகவே இருக்கும்.

நடந்தது ராத்திரியில் இல்லை. நல்ல வெயில் சாயும் நேரத்தில், ஊரே வந்து போகிற ஓர் இடத்தில்.

ஆற்றைப் பார்க்க ஒரு மேடு இருக்கிறது. அதற்கு ஏறிப் போவதை மலையேற்றம் என்று சொன்னால் மலைக்கே சிரிப்பு வரும். ஒன்றரை கிலோமீட்டர் சிமெண்ட் பாதை, பக்கத்தில் இரும்புக் கைப்பிடி, மூன்றே மூன்று வளைவு. குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. மேலே ஒரு மேடை, ஒரு பெஞ்ச். கீழே ஆறு அகலமாகத் திரும்பிப் போவது தெரியும்.

அக்கா வீட்டுக்காரர், என் அத்தான், லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தவறாமல் அங்கே போய் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். "வாரம் பூரா கம்பியில தொங்கி மேலயும் கீழயும் போறேன். ஒரு நாளாவது சொந்தக் கால்ல ஏறி இறங்கறேன்" என்பார். பழைய அடி ஒன்றால் இடது காலைச் சற்றுத் தேய்த்து நடப்பார். பதினோரு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு ஏறினார். இறங்கவில்லை. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மாரடைப்பு. பக்கத்தில் யாரும் இல்லை.

இவ்வளவும் அக்காவுக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருந்தது.

அதற்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை மதியம் 1.20க்கு, அத்தான் என் அறைக்கு வந்தார். "நெஞ்சு கொஞ்சம் கனமா இருக்கு டாக்டரம்மா. உங்க அக்காகிட்டச் சொல்லிடாதே, ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டு என்னையே பாத்துட்டு இருப்பா." என்னை டாக்டரம்மா என்று கூப்பிட்டுக் கேலி செய்வது உலகத்தில் அவர் ஒருவர்தான்.

எங்கள் மருத்துவமனை ஊழியர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வீட்டு ஆட்கள் வந்தால் பதிவேட்டில் எழுதமாட்டோம். சாப்பாட்டு நேரத்தில் திரையை இழுத்துவிட்டு, பெயர் போடாமல் ஓர் ஈசிஜி எடுத்து, நாங்களே பார்த்துச் சொல்லிவிடுவோம். பதிவில்லாத தாளை டாக்டரிடம் காட்ட முடியாது, கேள்வி வரும். ஆயிரக்கணக்கில் பார்த்த திமிர் வேறு எனக்கு. அன்றைய தாளில் ஓரிடத்தில் கோடு கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. மார்பில் ஒட்டிய லீட் கம்பி சரியாகப் படவில்லை என்று நினைத்தேன். திரும்ப எடுக்க இரண்டு நிமிடம் போதும். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். அத்தானும் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். "வண்டி நல்லா ஓடுது, ஞாயித்துக்கிழமை நடையை விட்டுடாதீங்க" என்று சொல்லி, தாளைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டேன்.

நான்தான் அவரை அனுப்பி வைத்தேன்.

பதினோரு மாதம் இதை வயிற்றில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அக்கா வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். அவர் போனபிறகு வாசலைத் தாண்டவில்லை. என் தோளில் சாய்ந்து அழுவாள். "நீ இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேனோ" என்பாள். ஒவ்வொரு தடவையும் வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போகும். கடைசியில் ஒரு முடிவு செய்தேன். அந்தப் பெஞ்சில் வைத்தே சொல்லிவிடுவது. அவள் என்னைத் திட்டினாலும் சரி, முகத்தில் முழிக்காதே என்றாலும் சரி.

வர ஒத்துக்கொள்ளவே மூன்று வாரம் ஆனது.

ஞாயிறு, மாலை 4.10. கீழே வாசலில் காவலர் கையில் ஒரு சின்ன எண்ணும் கருவி வைத்திருப்பார். ஏறுகிற ஆளுக்கு ஒரு தட்டு. ஆறு மணிக்குக் கதவைச் சாத்தும்போது ஏறினவர்களும் இறங்கினவர்களும் சரியாக வர வேண்டும். நாங்கள் உள்ளே போனோம்.

டிக்... டிக்... டிக்.

"ரெண்டு பேர்தாங்க" என்றேன்.

கருவியைப் பார்த்தார். எங்கள் பின்னால் பார்த்தார். "விரல் வழுக்கிடுச்சும்மா" என்றார்.

முதல் வளைவில் அக்காவுக்கு இரைத்தது. கண்ணாடியையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். தூரத்தில் இருப்பதெல்லாம் அவளுக்குப் புகை மாதிரிதான் தெரியும். "பாதையைப் பாத்து நட, ஆறு எங்கயும் ஓடிடாது" என்றேன். "ஆறு ஓடாம பின்ன என்ன பண்ணும்" என்றாள். பதினோரு மாதத்தில் அவள் சொன்ன முதல் ஜோக். எனக்கு அழுகை வந்தது.

இரண்டாவது வளைவில் இரண்டு தடவை நின்றோம். மூன்றாவது வளைவில் ஒரு கல் இருக்கை உண்டு. அதைத் தாண்டியதும் பாதை ஒரு பாறைக்குப் பின்னால் திரும்பும். அங்கே மணி பார்த்தேன். 4.48. சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தேன்.

பாறையைத் தாண்டியதும் அக்கா என்னைக் கூப்பிட்டாள். பின்னாலிருந்து. கொஞ்சம் தூரத்திலிருந்து.

திரும்பினேன்.

அக்கா என் பக்கத்தில்தான் வந்துகொண்டிருந்தாள்.

"கூப்பிட்டியா?"

இல்லை என்று தலையாட்டினாள். மறுபடி அதே குரல் கேட்டது. வேறு யாரோ வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் போனபிறகுதான் ஒன்று உறைத்தது. அக்காவுக்கு இப்போது மூச்சே வாங்கவில்லை.

இன்னொன்றும். அவள் போட்டிருந்தது ரப்பர் செருப்பு. சத்தம் வராது. ஆனால் கேட்டது...

சர்க்... சர்க்... சர்க்.

5.01. மேடைக்கு வந்தோம். யாருமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை, ஒருவர்கூட இல்லை. அக்கா நேராகப் போய் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார்ந்தாள். எந்த இடம் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. எனக்குத் தெரியும். அத்தானை அடையாளம் காட்டப் போனவள் நான்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி இல்லாதவள் பார்க்கிற மாதிரி இல்லை. தூரத்தில் ஒரு படகு போனது, அதோடு சேர்ந்து அவள் தலையும் மெதுவாகத் திரும்பியது.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

சொன்னேன். வெள்ளிக்கிழமை, 1.20, திரை, பதிவேடு, தாள், குப்பைக் கூடை. ஒன்று விடாமல். எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

அவள் கை என் தலைமேல் வந்தது.

அத்தனை குளிர்ச்சி... வெயில் நேராக அடித்துக்கொண்டிருந்தது.

"நீ அந்தக் கோட்டைப் பாத்தே. ஒரு நிமிஷம் யோசிச்சே. எனக்குத் தெரியும்" என்றாள். குரல் அக்காவுடையதுதான். நிதானம் அவளுடையது இல்லை. "நான்தான் சிரிச்சுப் பேசி உன்னை அவசரப்படுத்திட்டேன்."

நான்தான்...

அழுகையில் அந்த வார்த்தை எனக்கு ஏறவில்லை.

"வலிச்சுதா?" என்று கேட்டேன். யாரிடம் கேட்கிறேன் என்று யோசிக்காமலே கேட்டேன்.

"கொஞ்ச நேரம். அப்புறம் ஆறு மட்டும்தான்."

காற்று நின்றுவிட்டது.

"போதும் டாக்டரம்மா. அழாதே."

தலையைத் தூக்கினேன். அவள் இன்னும் ஆற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னம் நனைந்திருந்தது.

"நீ முன்னாடி போ. நான் வரேன்."

5.21.

எழுந்து போனேன். திரும்பிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கழுத்து திரும்பவில்லை.

பாறையைத் தாண்டினேன். மூன்றாவது வளைவு.

கல் இருக்கையில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு கணவன் மனைவி. அக்கா அவர்கள் கொடுத்த பாட்டிலிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். இறங்குவதற்கு அந்த ஒரு பாதையைத் தவிர வேறு பாதை கிடையாது.

"எப்ப வந்தே?" என்றேன்.

"எவ்வளவு நேரமாச்சு. வா, போலாம்" என்றாள்.

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. ஏன் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கேட்க விரும்பவில்லை. பதினோரு மாதமாக நெஞ்சில் கிடந்த கல்லை ஒருவர் எடுத்துப் போட்டிருக்கிறார். அது யார் கை என்று ஆராய எனக்குத் துணிச்சல் இல்லை. வாசலில் காவலர் இரண்டு தட்டு தட்டிவிட்டு, "இன்னும் ஒரு ஆள் மேல இருக்காங்க" என்று பாதையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கணவன் மனைவி எங்களுக்கு முன்பே இறங்கிவிட்டிருந்தார்கள். நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவள் கை சூடாக இருந்தது.

நான்கு நாள் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். வியாழக்கிழமை காலை அவள் வீட்டுக்குப் போனேன். யாருக்கோ பச்சைத் திரைச்சீலைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். காப்பி போட்டுக் கொண்டுவந்து தரையில் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு நீ பேசின பிறகுதான்க்கா எனக்குத் தூக்கமே வருது."

"நான் என்ன பேசினேன்?"

"அதான்... மேல. பெஞ்சில உக்காந்து."

மிஷின் நின்றது.

"நான் மேலயே வரலையேடி" என்றாள். "மூணாவது வளைவுல மூச்சு முட்டி உக்காந்துட்டேன். நீ பாட்டுக்கு யார்கிட்டயோ பேசறவ மாதிரி தலையை ஆட்டிக்கிட்டே பாறைக்குப் பின்னால போயிட்டே. ரெண்டு தடவ கூப்பிட்டும் நிக்கல. எனக்குக் கோபம் வந்துடுச்சு. அந்தத் தொப்பி போட்டவங்கதான் தண்ணி குடுத்தாங்க."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். அந்தக் கல் இருக்கையிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் பாறைக்கு மேலே பெஞ்ச் தெரியும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அந்தம்மா மேல பாத்துட்டு ஒண்ணு கேட்டாங்க. உன்கிட்டக் கேக்கணும்னே இருந்தேன்" என்றாள் அக்கா. "உங்க தங்கச்சி பக்கத்துல உக்காந்திருக்கிறது அவங்க வீட்டுக்காரரான்னு. எனக்குக் கண்ணு தெரியல. யாரோ தெரிஞ்சவங்க போலன்னு விட்டுட்டேன். பாவம், தலையைத் தடவிக் குடுக்கறார், அவரும் அழறாருன்னு சொன்னாங்க. யாருடி அது?"

பதில் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. இரண்டாவது தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமையைச் சொன்னேன், தாளைச் சொன்னேன், பெஞ்சைச் சொன்னேன். இந்தத் தடவை யாரும் என் தலையில் கை வைக்கவில்லை. அக்கா பச்சைத் துணியை மடியில் வைத்து, தைத்த தையலை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். ஈசிஜியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று வரை கேட்கவில்லை.

"எவ்வளவு நேரம் இருந்தார்?"

"இருபது நிமிஷம்."

"இருபது நிமிஷமா..." என்றாள். இன்னொரு தையலைப் பிரித்துவிட்டு, "என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

கேட்டார் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்காக அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? ஆனால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அத்தானிடம் ஒரு தடவை சொல்லிவிட்டேன். மறுபடி முடியவில்லை. இல்லை என்று தலையாட்டினேன்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அக்கா போகிறாள். தனியாக. என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கண்ணாடி போட்டுக்கொண்டு, மூச்சிரைக்க மேலே வரை ஏறி, பெஞ்சில் இடது ஓரத்தை விட்டுவிட்டு உட்கார்ந்து, காவலர் வந்து கூப்பிடும்வரை இருக்கிறாள். வந்தாரா என்று கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது? கீழே இறங்கியதும் அவளே போனில் செய்தி அனுப்பிவிடுகிறாள்.

நேற்று ஒன்பதாவது ஞாயிறு. 6.08க்கு வந்தது. எப்போதும் வருகிற அதே ஒற்றை வார்த்தை.

"வரல."