மாப்பிள்ளையோடு போன மூன்றாம் புத்தகம்

பெரிய பேரன் கார்த்தி வக்கீலுக்குப் படித்துக் கறுப்புக் கோட்டுப் போட்டான். பேத்தி அபிநயா வாலிபாலில் மாநில அளவு வரை போய் வந்தாள். சின்னவன் பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே முதல். இத்தனையையும் இந்த வாசகர் குழுவில் போட்டுப் பெருமைப்பட்டவள் நான். இவர்களுடைய அப்பா, எங்கள் மாப்பிள்ளை தவமணி, செவ்வாய்க்கிழமை ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழுந்திருக்கவில்லை என்று மகள் செல்வி போனில் சொன்னாள்.

அவரை நாவலாசிரியராக மட்டும் அறிந்தவர்களுக்குச் சொல்கிறேன். அவர் எழுதிய ஏழு கணவாய் நாடு முதலில் ஒரு மேசை விளையாட்டு. ஞாயிறுதோறும் பழம் கட்டும் கொட்டகையில் மாப்பிள்ளை கதை சொல்வார். ஆடுகிறவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். வெட்டு விழுமா, தப்புமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். அங்கே நடந்தது மட்டுமே புத்தகத்தில் வரும்.

ஒரு நாள் ஆள் குறைந்தது. எதிரே உட்காரக் கூசி நின்ற என்னைக் கூப்பிட்டார். "பேய் வந்து நிக்கையில மாமியா மருமகன்லாம் பாக்க முடியாது, அத்தை. ஒக்காருங்க." ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் கணவாய்க் காவல்காரி மாராயி ஆனேன்.

இரண்டு வருடம் கழித்து எனக்குப் பகடையில் ஒன்று விழுந்தது. ஒன்று விழுந்தால் சாவு.

"மாராயி செத்துட்டா, அத்தை."

"ரெண்டுன்னு எழுதிக்கிட்டா ஒங்க நாடு இடிஞ்சா போகும், மாப்ள?"

"இடிஞ்சுரும். ஒரு தடவ நான் ஏமாத்துனா அப்பறம் யாரும் பயந்து உருட்டமாட்டாக."

இரண்டு நாள் நான் பேசவில்லை. அவள் சாவை அவர் எழுதியதைப் படித்துவிட்டு, மூன்றாம் நாள் நானே மீன் குழம்பு வைத்து அனுப்பினேன்.

போகிறவருக்குப் பிடித்ததை உடன் வைத்து அனுப்புவது எங்கள் வழக்கம். எப்போதும் அவர் மடியில் கிடந்த நீல நோட்டை நான்தான் அவர் நெஞ்சின் மேல் வைத்தேன். சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பிய பிறகு செல்வி கேட்டாள்.

"அம்மா, நீல நோட்டு எங்கன?"

"அவுகளோடயே அனுப்பிட்டேன்டி."

அப்போதுதான் அவள் சொன்னாள். இன்னும் அச்சுக்குப் போகாத மூன்றாம் புத்தகம் முழுக்க அதில்தான் இருந்ததாம். கணவாய்க் கதவை எதிரிக்குத் திறந்துவிட்டவர் யார் என்று ஆடிய எங்களுக்கே தெரியாது. எங்களுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று அவர் வேறெங்கும் எழுதி வைக்கவில்லை.

மன்னித்துப் போய் வாருங்கள் மாப்பிள்ளை என்று சாம்பல் அள்ளும்போது சொன்னேன். அதற்குப் பிறகும் சோறு இறங்கவில்லை. குழுவில் வந்த படங்களிலெல்லாம் அந்த நோட்டு மூடியே இருக்கிறது. கொட்டகையில் எடுத்த வேறு படம் யாரிடமாவது இருந்தால், ஐயா, அம்மா, புதிதாக ஒன்று போடுங்கள். நோட்டுத் திறந்திருக்கிற படம். அரைப் பக்கம் தெரிந்தால் போதும். அவர் கையெழுத்தை நான் படித்துவிடுவேன்.